பத்மினியின் பின் மட்கார்டை அறுக்கலாமா? 185 டயர் ஏற்றும் ஆசை

#1 பத்மினி86
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் 1986 பிரீமியர் பத்மினி இரண்டு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. வீடு சேலம் கோரிமேடு. காலையில் வாசலில் நின்றாலே சேர்வராயன் மலை கூப்பிடுகிறது. மாதம் இரண்டு முறையாவது ஏற்காடு ஏறி இறங்கிவிடுவேன். எஞ்சின், கார்புரேட்டர், சீட் எல்லாம் முடிந்துவிட்டன. இப்போது கண் டயர் மேல்.

பின்னால் கம்பெனி அளவான 5.20-14 தான் ஓடுகிறது. பின்னாலிருந்து பார்த்தால் பீரோவைச் சைக்கிள் சக்கரத்தில் ஏற்றியது போல இருக்கிறது. ஆறு அங்குல ரிம் இரண்டும் 185/70 ஆர்14 டயர் இரண்டும் வாங்கிவிட்டேன் (ஆம், உங்களைக் கேட்காமல் வாங்கியது தப்புதான்). மாட்டிப் பார்த்தால் மட்கார்டின் உள்மடிப்பில் டயரின் தோள் இடிக்கிறது. ஜாக்கியை இறக்கவே முடியவில்லை.

டிங்கர் கடைக்காரர், "அரை நாள் வேலை. கட்டர் வைத்து மடிப்பை அறுத்துவிடலாம். பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் ஆண்டவனுக்கே தெரியாது" என்கிறார். 7000 ரூபாய் கேட்கிறார். சரி என்று சொல்லட்டுமா?

#2 கொண்டலாம்பட்டி_காண்டெஸா
சொல்லாதீர்கள்.

என் காண்டெஸாவில் இதே வேலையை இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் செய்தார்கள். எந்தக் கடை என்பது வேண்டாம். மடிப்பு என்பது சும்மா விளிம்பு அல்ல. வெளித்தகடும் உள்ளே சக்கரக் கூண்டின் தகடும் சேருமிடம் அது. இரண்டையும் சேர்த்து வரிசையாகப் புள்ளி வெல்டிங் வைத்திருப்பார்கள். அதை அறுத்தால் இரண்டு தகடும் தனித்தனியாக விலகிவிடும். என் வண்டியில் அந்த இடைவெளியைப் பட்டியால் அடைத்துவிட்டார்கள். முதல் மழையில் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழையில் பட்டி வெடித்தது. சக்கரம் அடிக்கும் தண்ணீர் நேரே டிக்கிக்குள் போயிற்று. அடுத்த கோடையில் டிக்கித் தரை பொத்தல். மல்கோவா ஒரு கூடை வாங்கி வந்து இறக்கும்போது கூடையின் அடி ஈரமாக இருந்தது. அப்போதுதான் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். பழம் போனது கூடப் பரவாயில்லை. தகடு மாற்ற ஆன செலவில் பத்து வருடம் மல்கோவா தின்றிருக்கலாம்.

#3 அடிவாரம்_பையன்
அண்ணா, இவ்வளவு பயம் எதற்கு? ஃபைபர் ஃபிளேர் (மட்கார்டு விளிம்பை வெளியே நீட்டும் வளைவு) வாங்கி மட்கார்டின் மேல் வைத்துத் திருகாணி போட்டால் தீர்ந்தது. என் ஜிப்ஸியில் போட்டிருக்கிறேன். பார்க்கக் காட்டெருமை மாதிரி இருக்கிறது.

#4 கொண்டலாம்பட்டி_காண்டெஸா
தம்பி, ஃபிளேர் டயரை மறைக்கும், இடம் உண்டாக்காது. உள்ளே மடிப்பு அப்படியேதான் நிற்கும். அறுத்துவிட்டு அதை மறைக்கப் போடுவதுதான் ஃபிளேர். தவிர, ஜிப்ஸிக்குக் காட்டெருமை பொருந்தும். பத்மினிக்கு அது வேட்டி மேல் பெல்ட்.

#5 லேத்_மாமா
இரண்டு நாள் வெளியூர். இப்போதுதான் படித்தேன். பத்மினித் தம்பி, மட்கார்டை விடு. முதலில் ஒரு கேள்வி. பின்னால் 5.20-14 என்கிறாய், அது கிராஸ் பிளை, உள்நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை. முன்னால் என்ன டயர்?

#6 பத்மினி86
முன்னால் 165 ரேடியல் மாமா, இப்போதைய வகை. போன வருடம் முன் டயர் தேய்ந்துவிட்டது, மாற்றினேன். பின் டயரில் கட்டை இன்னும் தேயாமல் இருந்ததால் விட்டுவிட்டேன்.

#7 லேத்_மாமா
அப்படியென்றால் நீ ஒரு வருடமாக ஏற்காட்டுக் கொண்டை ஊசிகளில் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டிருக்கிறாய். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை என்பது இருக்கும் கலப்புகளிலேயே மோசமான கலப்பு. வளைவில் ரேடியல் டயர் பக்கவாட்டு இழுப்பை நன்றாகத் தாங்கிப் பிடிக்கும்; கிராஸ் பிளை சீக்கிரம் நழுவும். முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வாரிக்கொண்டு போகும். ஈரத்தில் சொல்லவே வேண்டாம். ஆகையால் பின்னால் ரேடியல் போட வேண்டும் என்ற உன் முடிவு சரி, காரணம்தான் தப்பு. எந்த அகலம் என்பதை இனிமேல் பேசலாம். அதுவரை மலை ஏறாதே.

இப்போது கணக்கு. 185/70 என்றால் டயரின் பக்க உயரம் 185இல் எழுபது விழுக்காடு, அதாவது 129.5 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 259. ரிம் 14 அங்குலம், 355.6. ஆக மொத்த விட்டம் 615 மில்லிமீட்டர் அளவில் வரும். பழைய 5.20-14 டயரும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, உயரத்தால் மேலே இடிக்காது. அந்த மட்டில் நல்ல தேர்வு.

அகலம்தான் சிக்கல். 5.20 என்பது அங்குலக் கணக்கு, 132 மில்லிமீட்டர். 185/70 டயரை ஐந்தரை அங்குல ரிம்மில் ஏற்றினால் வயிறு 189 வரும். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் ஐந்து மில்லிமீட்டர் உப்பும். நீ ஆறு அங்குல ரிம் வாங்கியிருக்கிறாய். ஆகவே 194. பழையதைவிட 62 அதிகம்.

அந்த 62ஐ உள்ளுக்கும் வெளிக்கும் எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் முழு வேலையும். அதைத் தீர்மானிப்பது ரிம்மின் நடுத்தட்டு எங்கே நிற்கிறது என்பது, அதாவது ஆஃப்செட். உன் புது ரிம் வேறு வண்டிக்குச் செய்தது. தட்டு உட்பக்கமாக நிற்கும்போல் தெரிகிறது. அதனால் சக்கரம் முழுக்க வெளியே தள்ளிவிட்டது. மட்கார்டு பாவம், அது என்ன செய்யும்?

பழைய சக்கரத்தை மாட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் நான்கு அளவு எடு. டயரின் வெளி வயிற்றிலிருந்து மட்கார்டு மடிப்பு வரை. டயரின் உள் வயிற்றிலிருந்து சக்கரக் கூண்டின் உட்சுவர் வரை. ஸ்கேல் போதாது, வெர்னியர் வாங்கு.

#8 சட்டம்_பேசுவோன்
இடையில் நுழைகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே வாசித்து, முன்னர் வந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினைந்து வயது கடந்த வண்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 1986 வண்டிக்கு அது 2026இல் வரும். மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டு நின்றால் ஆய்வாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்று. 50 வயது தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்துவிட்டது. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், உடற்கூட்டைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. உங்கள் வண்டி அந்த வயதை 2036இல் எட்டும். இன்று 7000 ரூபாய் கொடுத்து அறுத்துவிட்டு அன்று அழ வேண்டாம்.

#9 அடிவாரம்_பையன்
2036 வரை யார் இருப்பார்கள் ஐயா.

#10 சட்டம்_பேசுவோன்
பத்மினி இருக்கும்.

#11 நாகலூர்_காப்பி
குப்பனூர் வழியாகவும் இந்தப் பக்கம் வருவீர்களா தம்பி? மலை மேல் பனிமூட்டத்தில், சில்வர் ஓக் சருகு நனைந்து கிடக்கும் சாலையில், அகல டயர் எல்லா நேரமும் நண்பன் அல்ல. வண்டி இலேசு, டயர் அகலம் என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் அழுத்தம் குறைவு. தேங்கிய தண்ணீரில் மிதக்கப் பார்க்கும். நாங்கள் தோட்டத்து ஜீப்புக்கு ஒல்லி டயர்தான் போடுகிறோம். சேற்றைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும்.

பிரேக்கும் டிரம்தானே? இருபது வளைவும் இரண்டாம் கியரில் இறங்குகிற ஆள் என்றால் சரி. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிற ஆள் என்றால் டயர்க் காசைப் பிரேக் லைனிங்கில் போடுங்கள்.

#12 பத்மினி86
இரண்டாம் கியர்தான் ஐயா. அப்பா அதற்குத் தலையில் குட்டிக் கற்றுக் கொடுத்தது.

மாமா, அளவு எடுத்துவிட்டேன்.
இடது: வெளியே 34, உள்ளே 41.
வலது: வெளியே 27, உள்ளே 48.
இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. மூன்று முறை எடுத்தேன்.

#13 லேத்_மாமா
இதற்குத்தான் இரண்டு பக்கமும் கேட்டேன். கூட்டிப் பார்: 34ம் 41ம் 75. 27ம் 48ம் 75. ஆகவே தகடு சரியாக இருக்கிறது. பின் அச்சுதான் மூன்றரை மில்லிமீட்டர் வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அச்சைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கின் முனைகளில் இருக்கும் புஷ், முப்பத்தைந்து வருடப் பழசு. ரப்பர் மெழுகாகியிருக்கும். முதலில் புஷ் மாற்று.

இனி உன் இடம் எவ்வளவு? 75ம் பழைய டயர் 132ம் சேர்த்தால் 207. இதற்குள்தான் புது டயர் உட்கார வேண்டும். 194 போட்டால் மிச்சம் 13. இரண்டு பக்கமும் ஆறரை. அது இடம் அல்ல, வாசனை. ஐந்தரை ரிம்மில் 189 போட்டால் மிச்சம் 18.

அறுக்காமல் கிடைக்கும் இடம் மடிப்பில் இருக்கிறது. மடிப்பு எவ்வளவு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது?

#14 பத்மினி86
13 மில்லிமீட்டர்.

#15 லேத்_மாமா
நல்லது. அதை அறுக்காமல் உள்பக்கம் மேல்நோக்கி மடித்துப் படிய வைத்தால் அந்தப் 13இல் பெரும்பகுதி உனக்கு. தகடு இரண்டும் ஒட்டியபடியே இருக்கும், வெல்டிங் புள்ளி அப்படியே இருக்கும். பழைய ஆட்கள் இதை மரச்சுத்தியும் டாலியும் (மறுபக்கம் தாங்கும் இரும்புக் கட்டை) வைத்துத் தட்டியே செய்வார்கள். நான் ஒரு கை செய்து வைத்திருக்கிறேன்: சக்கரத்தைக் கழற்றி டிரம்மில் போல்ட் போட்டு மாட்டுகிற கம்பி, முனையில் நைலான் உருளை. வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருட்டி உருட்டி, ஒவ்வொரு முறையும் கால் சுற்று திருகி ஏற்ற வேண்டும். சுற்றுக்குக் கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் வெளித்தகடு அலை அலையாக நெளியும். பிறகு அதைச் சரி செய்ய எந்தச் சாமியாலும் முடியாது.

பெயிண்டைச் சூடாக்கும் துப்பாக்கி கட்டாயம். கை வைத்தால் சுருக்கென்று எடுக்கிற சூடு இருக்க வேண்டும். குளிர்ந்த பெயிண்ட் மடிப்பில் கண்ணாடி போலத் தெறிக்கும்; அங்கே துரு குடியேறும். மடித்து முடித்ததும் இடுக்கில் சீலர், அதன் மேல் துத்தநாகப் பிரைமர். பட்டி கூடவே கூடாது.

ரிம்முக்கு: ஆறு அங்குலத்தை விற்றுவிடு. ஐந்தரை அங்குல வெளிவளையத்தில் உன் பழைய பத்மினி ரிம்மின் நடுத்தட்டையே வைத்து வெல்டிங் செய்யலாம். தட்டை நடுவில் நிறுத்த வேண்டும், அப்போது கூடுகிற அகலம் இரு பக்கமும் சமமாகப் பிரியும். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்காமல் எந்த ரிம்மையும் ஏற்காதே. மேல் கீழாட்டமும் பக்கவாட்டு ஆட்டமும் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் நான்கு பொட்டு வெல்டிங் வைத்துக் கொடுத்தால், திரும்பி வந்துவிடு. ஸ்பேசர் (ரிம்முக்கும் டிரம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு) போடலாமா என்று யாராவது கேட்டால் நான் இந்த இழையை விட்டுப் போய்விடுவேன்.

#16 அடிவாரம்_பையன்
கேட்கத்தான் இருந்தேன் மாமா. கேட்கவில்லை.

#17 ஜவ்வரிசி_ஆலை
நின்ற வண்டியில் எடுத்த அளவை மட்டும் நம்ப வேண்டாம். என் அம்பாசடரில் நின்றபோது இடிக்கவே இல்லை. குடும்பத்தோடு ஐந்து பேர் ஏறி மலைக்குப் போனால், ஒவ்வொரு வளைவிலும் யாரோ பின்னால் தகரத்தைக் கிழிக்கிற சத்தம்.

#18 லேத்_மாமா
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பத்மினியின் பின் அச்சு ஒரே தண்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் டயர் நேராக மேலே போகும். வளைவில் அப்படி அல்ல. இடது கொண்டை ஊசியில் வண்டி வலது பக்கம் சாயும். வலது சக்கரம் கூண்டுக்குள் ஏறும், இடது தொங்கும். தண்டு சாய்வதால் ஏறிய சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து கூண்டின் உட்சுவரை நோக்கிப் போகும். தொங்கிய சக்கரத்தின் தலை வெளியே சாயும், அதுவும் சரியாக மடிப்பின் உயரத்தில் வந்து நிற்கும். ஆகவே ஒரு வளைவில் இரண்டு வேறு இடத்தில் இடிக்கலாம். பெரும்பாலோர் ஏறுகிற சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள்.

சோதிக்க ஜாக்கி மட்டும் போதாது. காலி வண்டியில் அச்சைத் தூக்கினால் ஸ்பிரிங் அமுங்காது, வண்டிதான் எழும்பும். பாரம் வேண்டும்.

#19 ஜவ்வரிசி_ஆலை
பாரத்துக்குக் கவலையா? வண்டியை ஆலைக்குக் கொண்டு வாருங்கள். ஐம்பது கிலோ மூட்டை எத்தனை வேண்டும்?

#20 பத்மினி86
ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

புஷ் மாற்றினேன். இரண்டு பக்க வித்தியாசம் ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்தது. அதுவே பாதி வெற்றி என்று மாமா சொன்னார். எனக்கோ டயர் இன்னும் மாட்டாத வெற்றி என்ன வெற்றி என்று இருந்தது.

ஐந்தரை ரிம் செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் செய்தது. முதல் தடவை ஒரு ரிம்மில் ஆட்டம் 1.8 வந்தது. முகம் கோணாமல் பிரித்துத் திரும்பச் செய்து கொடுத்தார்கள்.

மடிப்பு உருட்டுவது மாமாவின் மேற்பார்வையில் ஒரு ஞாயிறு முழுக்க. இடது பக்கம் வெண்ணெய் மாதிரி மடிந்தது. வலது பக்கம் பாதி வளைவு போனதும் சடாரென்று ஒரு சத்தம்; அப்பளம் போல நான்கு மில்லிமீட்டர்ப் பட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பித்தளை வைத்து ஒட்டிய பழைய ஒட்டு. வண்டி விபத்தே பார்க்காதது என்று அப்பா இத்தனை வருடம் சொல்லிவந்தார். அன்று இரவு மெதுவாகக் கேட்டேன். "அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு மாட்டுவண்டி. நீ அப்போது பிறக்கவில்லை. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது" என்றார். இனியும் தெரியாது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைக்கச் சொன்னார் மாமா. இல்லாவிட்டால் தொடமாட்டேன் என்றார்.

பிறகு ஆலை. பின் சீட்டிலும் டிக்கியிலும் ஐந்து மூட்டை. வலது சக்கரத்தின் கீழ் அரையடி மரக்கட்டை. களிமண் உருண்டைகளை மடிப்பிலும் கூண்டிலும் ஒட்டி வைத்து, இறக்கி, நசுங்கிய கனத்தை வெர்னியரில் அளந்தோம். வெளியே 11 மிச்சம். உள்ளே 6. பக்கம் மாற்றிச் செய்தபோது உள்ளே 8.

மாமா உள்ளே 6 போதாது என்றார். நான் போதும் என்றேன். வாங்கிய டயரை மாட்டிப் பார்க்காமல் மனம் அடங்கவில்லை.

#21 லேத்_மாமா
அதையும் சொல்லிவிடு.

#22 பத்மினி86
சொல்கிறேன். கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் தூள் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் குழைத்து ஸ்பிரிங்கின் பக்கவாட்டிலும் கூண்டிலும் மடிப்பிலும் பூசினேன். மூட்டைக்குப் பதில் நாலு நண்பர்கள். அடிவாரத்திலிருந்து கிளம்பினோம். பத்தாவது வளைவு வரை அமைதி. பதினொன்றிலோ பன்னிரண்டிலோ மெல்லிய சர் என்ற சத்தம். பின்னால் இருந்தவன், "பாட்டை நிறுத்து" என்றான். பாட்டு ஓடவே இல்லை.

மேலே ஏரிக்கரையில் நிறுத்திப் பார்த்தேன். மடிப்பில் பூசியது அப்படியே இருந்தது. வலது கூண்டின் உட்சுவரில் இரண்டு விரல் நீளத்துக்கு வெள்ளை துடைத்துப் போயிருந்தது. டயரின் உள் வயிற்றில் அதே நீளத்துக்கு வெள்ளைக் கோடு. களிமண் சொன்ன ஆறு மில்லிமீட்டரை டயரின் வயிற்று நெளிவும் புஷ்ஷின் நெகிழ்வும் தின்றுவிட்டன. இறங்கும்போது நண்பர்கள் பஸ்ஸில் வந்தார்கள்.

#23 கொண்டலாம்பட்டி_காண்டெஸா
தட்டை மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வைத்து ரிம் செய்தால்? வெளியே இடம் இருக்கிறதே.

#24 லேத்_மாமா
வெளியே 11 என்பது ஒரு கட்டையில், நின்ற இடத்தில். ஓட்டத்தில் அதுவும் குறையும். தவிர, ரிம்மை மூன்றாம் முறை பிரித்து வெல்டிங் வைக்க நான் ஒப்ப மாட்டேன். 175/70 போடு தம்பி. உன் ஐந்தரை ரிம்மில் வயிறு 182 வரும். ஒவ்வொரு பக்கமும் மூன்றரை கிடைக்கும். விட்டம் 600, ஸ்பீடோமீட்டர் இரண்டு விழுக்காடு கூடுதலாகக் காட்டும், அது நல்லதே. பழைய ரிம் வகை என்பதால் உள்ளே டியூப் போட்டே ஓட்டு.

#25 பத்மினி86
போட்டாயிற்று. நேற்று ஐந்து பேரோடு, அதே வெள்ளைக்கல் பூச்சோடு, இருபது வளைவும் ஏறி, குப்பனூர் வழியாக இறங்கினேன். பூச்சு எங்கும் கலையவில்லை. நாகலூர் ஐயா வீட்டில் காப்பி குடித்தோம். அவர் குனிந்து டயரைப் பார்த்துவிட்டு, "இன்னும் அகலம்தான்" என்றார். பஞ்சர் ஆனால் சக்கரம் வெளியே வருகிறதா என்பதையும் அங்கேயே கழற்றிப் பார்த்தோம். உடம்புக்கு ஜாக்கி கொடுத்து அச்சைத் தொங்கவிட்டால் வருகிறது. அச்சுக்குக் கொடுத்தால் மட்கார்டு விடுவதில்லை.

பின்னாலிருந்து பார்த்தால் பீரோ இப்போது பீரோவாக நிற்கிறது.

பின்குறிப்பு: 185/70 ஆர்14 டயர் இரண்டு விற்பனைக்கு இருக்கிறது. ஒரே ஒரு முறை ஏற்காடு பார்த்தது. இரண்டு டயரின் உள் வயிற்றையும் நன்றாகக் கழுவிவிட்டேன். ஆறு அங்குல ரிம்மும் இரண்டு உண்டு, அது மலையே பார்க்கவில்லை.

#26 அடிவாரம்_பையன்
ரிம் என்ன விலை அண்ணா?

#27 லேத்_மாமா
ஜிப்ஸிக்கு எதற்கு? முதலில் அளவு எடு.